பெயர்களை எழுதி வைப்போம்



அவுஸ்திரேலியாவில் வயதான வெள்ளைக்காரர் பலரிடம் ஒரு பழக்கத்தைக் காணலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். பாட்டனுக்குப் பாட்டன் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கப்பலில் ஏறினார், எந்தக் காணியில் குடியேறினார் என்று நூலகங்களிலும் சுவடிக்கூடங்களிலும் ஏறி இறங்குவார்கள். எங்கள் ஊர்களில் இப்படித் தேட வேண்டிய தேவை முன்னர் இருக்கவில்லை. உறவுமுறை தெரிந்த ஓர் ஆச்சி ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார். கேட்டால் ஏழு தலைமுறை சொல்வார். அந்த ஆச்சிமாரில் பலர் இன்று எங்களுடன் இல்லை.

நான் 2011இல் திருமணமாகி மெல்பேர்ண் நகருக்கு வந்தவள். வயதானவர்களை அவர்களது வீடுகளுக்குச் சென்று பராமரிப்பது என் தொழில். என் பராமரிப்பில் இருந்த ஒரு மூதாட்டி தமது 88ஆவது வயதில் குடும்ப வரலாற்றைத் தேட ஆரம்பித்தார். கண் பார்வை மங்கிவிட்டபடியால் பழைய கடதாசிகளை வாசித்துச் சொல்ல என்னைத் துணைக்கு அழைத்தார். ஏறத்தாழ ஒரு வருடம், சனிக்கிழமைகளில் அவருடன் இருந்து தேடினேன். கதையை எழுதுவதற்கு அவர் சம்மதம் தந்தார். பெயர்களை எழுத வேண்டாம் என்றார். ஆகவே அவரை இங்கே 'அந்த அம்மா' என்றே சொல்கிறேன்.

பொத்தான் கட்டிய பெண்

அந்த அம்மாவிடம் தொடக்கத்தில் இருந்தது ஒரு பழைய வேதாகமம் மட்டும்தான். அதன் முன்பக்கத்தில் ஒரு தம்பதியின் பெயரும் அவர்களது பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதிகளும் எழுதப்பட்டிருந்தன. அந்தத் தம்பதியின் சொந்த இடம் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டோர்செற் மாவட்டம் என்று ஒரு குறிப்பும் இருந்தது.

இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்ற கட்டளை இருந்தது. 1837இல் அரசாங்கப் பதிவு தொடங்கியது. 1841இலிருந்து குடிசன மதிப்பீட்டில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டு, பேணப்பட்டும் வருகிறது. இவற்றின் படங்களைக் கணினியில் பார்க்க முடிகிறது. இரண்டு மாதத்தில் அந்தத் தம்பதியைக் கண்டுபிடித்தோம். 1851ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் கணவனின் தொழில் பண்ணைக் கூலி என்றும் மனைவியின் தொழில் பொத்தான் செய்பவர் என்றும் எழுதியிருந்தது.

'பொத்தான் செய்வது ஒரு தொழிலா?' என்று நான் கேட்டேன். அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. தேடி வாசித்தபோது விளங்கியது. டோர்செற் பகுதியில் இருநூறு வருடங்களுக்கு மேலாகப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டில் இருந்தபடி பொத்தான் கட்டி வந்திருக்கிறார்கள். சிறிய கம்பி வளையத்தின் மேல் நூலைச் சுற்றிச் சுற்றி, சிலந்தி வலை போலப் பின்னி எடுக்கும் நுட்பமான கைவேலை அது. ஷாப்ட்ஸ்பரி, பிளாண்ட்ஃபோர்ட் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த கிராமங்களில் ஆண்களின் கூலியால் அடுப்பு எரியாத வீடுகளில் இந்தப் பொத்தான்தான் அடுப்பை எரித்தது.

ஆண்களின் கூலி எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லலாம். டொல்படில் என்ற டோர்செற் கிராமத்தில் பண்ணைக் கூலிகளின் வாரச் சம்பளம் ஒன்பது சிலிங்கிலிருந்து ஏழாகக் குறைக்கப்பட்டது. மேலும் ஆறாகக் குறைக்கப் போவதாகவும் சொன்னார்கள். ஒரு சங்கமாக இணைந்து சத்தியம் செய்துகொண்ட ஆறு பேர் 1834இல் குற்றவாளிகளாக்கப்பட்டு அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பெரும் மக்கள் எதிர்ப்பின் பின்னர் 1836இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அதே 1834இல் வந்த வறியோர் சட்டத்தின்படி, பிழைக்க வழியின்றி உதவி கேட்பவர்கள் வேலை இல்லங்களுக்குள் போக வேண்டும். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம்.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் பொத்தான் செய்யும் இயந்திரம் காட்டப்பட்டது. சில வருடங்களுக்குள் கைப் பொத்தான் வாங்க ஆள் இல்லை. பல குடும்பங்கள் பட்டினியின் விளிம்புக்கு வந்தன. ஏராளமானோர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். நாங்கள் தேடிய தம்பதியும் 1853இல் ஒரு கைக்குழந்தையுடன் கப்பல் ஏறியவர்களே. திருமணப் பதிவில் மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி மட்டும் இருந்தது. அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது.

கப்பல் காசு யாருடையது?

ஏழைக் குடும்பம் ஒன்று உலகின் மறுபக்கத்துக்குப் போவதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. பதில் சங்கடமானது. அவுஸ்திரேலியாவில் அங்குள்ள பூர்வீகக் குடிகளின் நிலத்தை அரச நிலம் என்று அறிவித்து, அதை வெள்ளைக்காரருக்கு விற்றார்கள். விற்ற காசின் ஒரு பகுதியில் இங்கிலாந்தின் ஏழைகளுக்குக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்து, கூலிகளாக வரவழைத்தார்கள். இதைக் கவனிக்க 1840இல் லண்டனில் ஓர் ஆணைக்குழுவே அமைக்கப்பட்டது. ஓரிடத்தில் பட்டினியால் விரட்டப்பட்டவர்களை, இன்னோரிடத்தில் நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர்களின் இழப்பே ஏற்றி வந்தது.

பயணம் மூன்று மாதத்துக்கு மேல். கப்பலின் அடித்தட்டில் முன்பக்கம் தனி ஆண்கள், நடுவில் குடும்பங்கள், பின்பக்கம் தனிப் பெண்கள் என்று பிரித்து வைத்தார்கள். நோய் வந்தால் தப்புவது கடினம். 1852இல் டைகொண்டரோகா என்ற கப்பல் ஏறத்தாழ எண்ணூறு பேருடன் மெல்பேர்ண் நோக்கி வந்தபோது, டைபஸ் காய்ச்சலால் சுமார் நூறு பேர் வழியிலேயே இறந்தார்கள். கரை சேர்ந்த பின்னரும் பலர் இறந்தார்கள். கப்பல்களில் முதலில் இறப்பவை குழந்தைகள்தான்.

வட மெல்பேர்ணில் உள்ள அரச சுவடிக்கூடத்தில் இந்தக் கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், வயது, பிறந்த மாவட்டம், சமயம், வாசிக்க எழுதத் தெரியுமா, யாரிடம் வேலைக்கு அமர்த்தப்பட்டார், எவ்வளவு சம்பளம், சாப்பாடு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் தம்பதியின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். கணவன், மனைவி, இரண்டு பேர்தான். கைக்குழந்தை கரைக்கு வரவில்லை.

அந்த அம்மா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, 'நூற்று அறுபது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் இந்தப் பிள்ளையை நினைக்கவில்லை' என்றார். வேதாகமத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் இருந்தது. அது பிறந்த திகதியும் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

விதவையின் கடிதம்

முதல் இருபது வருடங்கள் அந்தக் குடும்பம் பிறரின் செம்மறிப் பண்ணைகளில் கூலிக்கு இருந்தது. 1869இல் விக்டோரியாவில் ஒரு காணிச் சட்டம் வந்தது. அதன்படி சாதாரண மனிதர் ஒருவர் 320 ஏக்கர் வரை தெரிந்தெடுத்துக் குடியேறலாம். ஏக்கருக்கு வருடம் இரண்டு சிலிங் கட்ட வேண்டும். காணியிலேயே இரண்டரை வருடம் குடியிருக்க வேண்டும். வேலி அடைக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கை உழுது பயிரிட வேண்டும். மூன்று வருடத்தின் பின் மிகுதிப் பணத்தைத் தவணையாகக் கட்டி முடித்தால், மொத்தம் ஏக்கருக்கு ஒரு பவுண் என்ற கணக்கில் உறுதி கிடைக்கும். விதவைகளும் திருமணமாகாத பெண்களும் விண்ணப்பிக்கலாம். கணவனுடன் வாழும் பெண் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது.

இந்தக் குடும்பம் 1873இல் விம்மெரா என்ற கோதுமை நிலப் பகுதியில் காணி எடுத்தது. சுவடிக்கூடத்தில் அந்தக் காணியின் கோப்பு அப்படியே இருக்கிறது. பலகைச் சுவரும் மரப்பட்டைக் கூரையும் கொண்ட இரண்டு அறை வீடு, இவ்வளவு நீளம் வேலி, ஒரு கிணறு, இத்தனை ஏக்கர் கோதுமை என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டாவது வருடம் மரம் விழுந்து கணவன் இறந்துபோனார். அப்போது வீட்டில் ஏழு பிள்ளைகள்.

அதற்குப் பின் கோப்பில் உள்ள கடிதங்கள் எல்லாம் மனைவியுடையவை. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடியில் அதே புள்ளடி. மழை பொய்த்துவிட்டது, விதைக்குக் கூட நெல் மிஞ்சாதது போல எங்களுக்குக் கோதுமை மிஞ்சவில்லை என்று எங்கள் ஊரில் ஒருவர் எழுதுவாரே, அதே பொருளில் இரண்டு கடிதங்கள். தவணைப் பணத்துக்குக் கால அவகாசம் கேட்டு மூன்றாவது கடிதம். மூத்த மகன் வேலை தேடித் தங்கச் சுரங்கங்கள் இருந்த பக்கம் போனவன் திரும்பவில்லை என்றும், தானும் மகள்மாருமே உழுகிறோம் என்றும் அதில் இருந்தது. அதிகாரி ஒருவர் ஓரத்தில் சிவப்பு மையால் ஆறு மாத அவகாசம் என்று எழுதியிருந்தார்.

சகோதரிகளே, பிரதேச செயலகத்தின் வாங்கில் காலை தொடக்கம் காத்திருந்து, இன்னொருவரைக் கொண்டு விண்ணப்பம் நிரப்பி, பெருவிரல் அடையாளம் வைத்த பெண்களை நான் அறிவேன். அந்தக் கடிதத்தை வாசித்தபோது மொழியும் நிறமும் எனக்கு மறந்துபோயின. கணவன் இல்லாத ஒரு பெண் காணியைக் காப்பாற்ற அலுவலகத்துக்கு எழுதுகிறாள், அவ்வளவுதான் தெரிந்தது. அவள் காப்பாற்றிவிட்டாள். பல வருடங்கள் தவணை கட்டி உறுதி பெற்றாள். 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் விக்டோரியாவில் பாடசாலை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆகியிருந்தது. கடைசி மகள் படித்தாள். வேதாகமத்தில் எல்லாப் பெயர்களையும் எழுதியது அவள்தான். தாய் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள்.

மூத்த மகனின் பெயருக்கு நேரே பிறந்த திகதி மட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பின்னாளில் இறந்த திகதியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவனுக்கு நேரே இரண்டு வரி அளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள்.

வாசலில் கிடந்த கல்

இதோடு கதையை முடித்தால் அது ஒரு பக்கக் கதை. அந்த அம்மா சிறுமியாக இருந்த காலத்தில், விம்மெராவில் இருந்த பழைய வீட்டின் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு தட்டையான கல்லை வைத்திருந்தார்களாம். நடுவில் குழி விழுந்த வழுவழுப்பான கல். வீடு விற்கப்பட்டபோது அதை அவர் நினைவுப் பொருளாக எடுத்து வந்திருந்தார். எங்கள் அம்மியைப் போலவே இருந்த அந்தக் கல்லைக் கண்டதும், 'இது பெண்கள் அரைத்த கல்' என்று சொன்னேன். பூர்வீகக் குடிப் பெண்கள் புல் விதைகளை அரைத்து மாவாக்கிய கல் அது.

குடும்பத்தில் எல்லோரும் அந்த நிலத்தை வெறும் காடு என்றே சொல்லி வளர்த்திருந்தார்கள். வெறும் காட்டில் அம்மி எப்படி வந்தது?

விம்மெரா வொட்ஜோபலுக் மக்களின் நாடு. செம்மறிப் பண்ணைக்காரர் 1840களில் அங்கே நுழைந்தபோதே அவர்களது நீர்நிலைகளும் உணவும் பறிபோயின. நோயும் துப்பாக்கியும் பலரைக் கொன்றன. மிஞ்சியவர்களுக்காக 1859இல் விம்மெரா ஆற்றங்கரையில் எபெனேசர் என்ற மிஷன் நிலையம் அமைக்கப்பட்டது. மாவும் சீனியும் தேயிலையும் நிவாரணமாக வாங்கி அங்கே வாழ்ந்தார்கள். 1886இல் வந்த ஒரு சட்டம், கலப்பினத்தவர் என்று சொல்லப்பட்ட இளம் வயதினரை அந்த நிலையங்களிலிருந்தும் வெளியேற்றியது. பிள்ளைகள் தாய்மாரிடமிருந்து பிரிந்தார்கள். எபெனேசர் 1904இல் மூடப்பட்டது.

யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொய்யை அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992 யூன் மாதத்தில் நிராகரித்தது. தன் தீவின் நிலத்துக்காகப் பத்து வருடம் வழக்காடிய எடி மாபோ, தீர்ப்பைக் கேட்க உயிருடன் இருக்கவில்லை. சில மாதங்களுக்கு முன்னர்தான் இறந்திருந்தார். 2005 டிசெம்பரில் வொட்ஜோபலுக் மக்களுக்கும் அவர்களோடு சேர்ந்த குழுக்களுக்கும் தங்கள் பூர்வீக நிலத்தின் ஒரு பகுதியில் உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2008 பெப்ரவரி 13ஆம் திகதி, பிரிக்கப்பட்ட பிள்ளைகளிடம் நாட்டின் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த அம்மாவின் மகன் இந்த விடயங்களைக் குடும்ப வரலாற்றில் சேர்க்க விரும்பவில்லை. 'எங்கள் பாட்டி பட்ட கஷ்டம் பொய்யா?' என்று கோபப்பட்டார். அம்மா அமைதியாகச் சொன்னார்: 'அவள் கஷ்டமும் மெய். இந்தக் கல்லின் சொந்தக்காரி கஷ்டமும் மெய். ஒருத்தியின் பெயர் எனக்குத் தெரியும், மற்றவளின் பெயரை யாரும் எழுதவில்லை. அதை எழுதாமல் விட்டேன் என்று என் பேரப்பிள்ளைகள் சொல்லக் கூடாது.'

அந்தக் கல்லை அவர் அந்த மக்களிடமே திருப்பி ஒப்படைத்தார். வாங்கிக்கொண்ட பெண் அதை மடியில் வைத்துக் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு நன்றி சொன்னார். அப்போது அந்த அம்மாவின் கைகள் நடுங்கின. காணியை இழந்தவர்களின் பக்கத்தில் நின்று வளர்ந்தவள் நான். காணி பெற்றவர்களின் பிள்ளை ஒருவர் இப்படி நடந்துகொள்வதைப் பார்த்தது என் மனதில் ஏதோ ஒரு கட்டியைக் கரைத்தது.

அம்மா சொன்ன பெயர்கள்

என் குடும்பத்தில் எனக்கு அம்மம்மா வரை மட்டுமே பெயர் தெரியும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிகளையும் அம்மா ஒரு பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். பதின்மூன்று வருடங்களுக்கு மேல் அந்தப் பை எங்களுடன் ஊர் ஊராக வந்தது. 2009இல் கடைசிக் கிழமைகளில் அது போய்விட்டது. தம்பியும் அந்த நாட்களில்தான் காணாமற்போனான்.

அந்த வேதாகமத்தின் பக்கத்தைப் பார்த்த இரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மம்மாவின் தாயின் பெயர் என்ன என்று கேட்டேன்.

'அதெல்லாம் இப்ப ஏன் பிள்ளை? கிண்டினால் அழுகைதான் வரும்' என்றார் அம்மா.

நான் வற்புறுத்தவில்லை. நான்கு நாள் கழித்து அவரே எடுத்தார். 'எழுதிறதுக்குப் பேனை வைச்சிருக்கிறியா?' என்று கேட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினார். பூட்டியின் பெயர், அவர் எந்த ஊரிலிருந்து சீதனக் காணிக்கு வந்தார், எந்தக் கிணற்றில் தண்ணீர் நல்லது, கொள்ளை நோயில் இறந்த இரண்டு பிள்ளைகள், இந்தியாவுக்குப் போய்த் திரும்பாத ஒரு சித்தப்பா. ஐந்து இரவுகள் சொன்னார். அழுதார், சிரிக்கவும் செய்தார். சீதனக் காணியை உழுத கூலிக் குடும்பத்துக்குக் கிணற்றில் அள்ள அனுமதி இருக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். 'அதையும் எழுது. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு' என்றார்.

கடைசியில் தம்பியின் பெயர் வந்தது. பிறந்த திகதியைச் சொன்னார். பிறகு சற்று நேரம் சத்தமில்லை.

'அவன்ரை பேருக்கு நேரே வேற ஒண்டும் எழுதாதை. இடம் விட்டு வை' என்றார்.

டோர்செற்றில் பொத்தான் கட்டிய அந்தத் தாயைப் பற்றி அம்மாவிடம் நான் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு கொப்பி போதும்

சகோதரிகளே, இங்கிலாந்தின் ஒரு கூலிக் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு அறிய முடிந்ததற்குக் காரணம் அவர்களது பெருமை அல்ல. கோவிலிலும் கப்பலிலும் காணிக் கந்தோரிலும் யாரோ எழுதினார்கள், எழுதியதை யாரோ எரிக்காமல் வைத்தார்கள். எங்கள் கதை வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. வீடுகளில் எரிந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. ஆகவே எங்களுக்காக நாங்களே எழுத வேண்டியிருக்கிறது.

பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துப் பெறலாம். அதை முதலில் செய்யுங்கள். அதன்பின் ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பாடசாலை செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

தாய்வழி, தகப்பன்வழிப் பெயர்களை எழுதுங்கள். பெண்களின் பெயர்களை மறக்காதீர்கள். பிறந்த ஊர், குறிச்சி, காணியின் பெயர், எல்லையில் நின்ற மரம், கிணறு எல்லாவற்றையும் எழுதுங்கள். இடம்பெயர்ந்த ஊர்களை வருடத்துடன் வரிசையாக எழுதுங்கள். பிறந்து சில நாளில் இறந்த குழந்தைக்கும் ஒரு வரி கொடுங்கள். உங்கள் குடும்பத்தால் மற்றவருக்கு நேர்ந்த அநியாயம் ஏதும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பின்னால் வரும் பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள்.

காணாமற்போனவர்களின் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்பதை உங்கள் மனமே தீர்மானிக்கட்டும். எழுத முடியாவிட்டால் இடம் விடுங்கள். எழுதி முடித்ததும் இரண்டாவது பிரதி ஒன்றை எடுத்து, வேறோர் ஊரில் இருக்கும் மகளிடமோ சகோதரியிடமோ கொடுத்து வையுங்கள்.